குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் போகிறீர்களா? கடலூர், புதுச்சேரியில் ஆசிரியர் பயிற்சிக்கு ஒரு வழிகாட்டி

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் கடலூர், பண்ருட்டி, நெல்லிக்குப்பம், பாகூர் பக்கம் பல வீடுகளில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “டீச்சர் டிரெய்னிங் சேரலாமா, இல்லை டிகிரி முடிச்சுட்டு பி.எட். போகலாமா?” இப்படிக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்த வயதுக் குழந்தைக்குப் பாடம் நடத்தப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அது தெளிவானால் படிப்பு தானாகத் தெரிந்துவிடும். இதைத் தலைகீழாகச் செய்து இரண்டு ஆண்டும் பணமும் போனவர்கள் இந்த வட்டாரத்தில் நிறைய இருக்கிறார்கள்.

எந்த வகுப்புக்கு எந்தப் படிப்பு

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை நடத்த ஆசையென்றால் பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டாண்டு தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு, அதாவது டி.எல்.எட். முடிக்க வேண்டும். முன்பு டி.டி.எட். என்று சொன்னது இதைத்தான். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் பொது விதிப்படி பிளஸ் டூவில் 50 விழுக்காடு மதிப்பெண் தேவை. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை உண்டு.

பி.எட். முடித்தவர் தொடக்கப் பள்ளிக்கும் போகலாம் என்று 2018 ஜூனில் குழுமம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே இன்றைக்கு பி.எட். மட்டும் கையில் வைத்துக்கொண்டு மூன்றாம் வகுப்பு ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்க முடியாது. பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டு “பி.எட். படிச்சா எல்லாத்துக்கும் போகலாம்” என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம்ப வேண்டாம். தீர்ப்பில் நியாயமும் இருக்கிறது. ஆறு வயதுக் குழந்தைக்கு எழுத்தை அறிமுகப்படுத்துவது ஒரு தனிக் கலை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இயற்கணிதம் நடத்தப் பழகியவருக்கு அது தானாக வந்துவிடாது.

ஆறு முதல் எட்டு வரை என்றால் பட்டப்படிப்போடு பி.எட்., அல்லது பட்டப்படிப்போடு டி.எல்.எட். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குப் பட்டமும் பி.எட்.டும். பதினொன்று, பன்னிரண்டுக்கு அந்தப் பாடத்தில் முதுகலையும் பி.எட்.டும்.

மழலையர் பள்ளிகளுக்கென்று தனியார் நடத்தும் மாண்டிசோரி சான்றிதழ் வகுப்புகள் இந்தக் கணக்கில் வரவே வராது. அங்கே கற்றுக்கொள்ள நல்ல விஷயங்கள் இருக்கலாம். ஆனால் அந்தச் சான்றிதழை வைத்து டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு, எழுத முடியாது.

நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பும் உண்டு. பிளஸ் டூ முடித்தவுடன் சேர்ந்து, பட்டமும் பி.எட்.டும் சேர்த்து வாங்கலாம். இதற்கான நுழைவுத் தேர்வைத் தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது, தமிழிலும் எழுதலாம். நமக்குப் பக்கம் என்றால் திருவாரூரில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகம். கொஞ்சம் தூரம் போகத் தயார் என்றால், மைசூரில் என்.சி.இ.ஆர்.டி. நடத்தும் மண்டலக் கல்வியியல் நிறுவனத்தையும் பாருங்கள். தென் மாநிலங்களுக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்தே அது உருவானது. தனியார் கல்லூரி எதுவும் “எங்களிடமும் நாலு வருஷ பி.ஏ. பி.எட். இருக்கு” என்றால், அந்த ஆண்டுக்கான அங்கீகார ஆணையைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

எங்கே சேர்வது

கடலூர் மாவட்டத்துக்கான மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் வடலூரில் இருக்கிறது. எல்லாரும் ‘டயட்’ என்றே சொல்வார்கள். தமிழ்நாட்டில் டி.எல்.எட். சேர்க்கையை மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் ஆன்லைனில் நடத்துகிறது. மாநிலத்தின் எல்லா டயட்களிலும் பட்டயப் படிப்புச் சேர்க்கை நடப்பதில்லை. சில இடங்கள் பணியிலுள்ள ஆசிரியர்களுக்கான பயிற்சியோடு நின்றுவிடும். எனவே அந்த ஆண்டு அறிவிப்பில் இருக்கும் நிறுவனப் பட்டியலைத் திறந்து பார்த்த பிறகே விருப்ப வரிசையைப் போடுங்கள். புதுச்சேரியில் டயட் லாஸ்பேட்டையில் இருக்கிறது.

பி.எட்.டுக்குக் கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே பெரிய இடம் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறை. மற்ற பி.எட். கல்லூரிகள் 2008-இல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளின் இடங்களுக்குத் தனியாக ஒற்றைச் சாளரச் சேர்க்கை நடக்கும். அந்தக் கட்டணம் தனியாரில் கேட்பதில் ஒரு சிறு பங்குதான். முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். கிடைக்காவிட்டால் தனியாரைப் பார்க்கலாம். பட்டப்படிப்பு மதிப்பெண்ணில் தமிழ்நாட்டில் வழக்கமாகக் கேட்பது பொதுப் பிரிவுக்கு 50, பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40 விழுக்காடு.

கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். ஆனால் சேர்க்கை விதிகளில் நீங்கள் வேறு மாநிலத்துக்காரர். புதுச்சேரி அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு அங்கத்திய குடியிருப்புச் சான்று கேட்பார்கள். கன்னியக்கோயில் எல்லைக்கு இந்தப் பக்கம் வீடு என்றால், அந்த ஒதுக்கீட்டை மனதில் வைத்துத் திட்டம் போட வேண்டாம்.

பணம் கட்டும் முன் கல்லூரி அலுவலகத்தில் மூன்று காகிதங்களைக் கேளுங்கள். முதலாவது, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகார ஆணை. இரண்டாவது, நடப்பு ஆண்டுக்கான பல்கலைக்கழக இணைப்பு ஆணை. மூன்றாவது, எத்தனை யூனிட் அனுமதி என்பது. ஒரு யூனிட் என்றால் 50 இடம். ஒரு யூனிட் அனுமதி வைத்துக்கொண்டு அறுபத்தைந்து பேரைச் சேர்த்தால் மிச்சம் பதினைந்து பேரின் பெயர் பல்கலைக்கழகப் பதிவேட்டில் ஏறாது. ஹால் டிக்கெட் வரும் நாளில்தான் இது தெரியவரும். காட்ட மறுத்தாலோ, “அடுத்த வாரம் வாங்க” என்றாலோ எழுந்து வந்துவிடுங்கள்.

“காலேஜுக்கே வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்” என்று வெளிமாநில பி.எட்.டுக்கு ஆள் பிடிப்பவர்கள் பஸ் ஸ்டாண்டு சுவர்களில் விளம்பரம் ஒட்டியிருப்பார்கள். தொலைநிலையில் பி.எட். இருப்பது உண்மைதான். இக்னோ போன்ற பல்கலைக்கழகங்கள் அதை ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கும் பயிற்சி பெற்றுப் பணியில் உள்ளவர்களுக்கும்தான் தருகின்றன. டிகிரி முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் புதியவருக்கு அது கிடையாது. சான்றிதழ் சரிபார்ப்பில் வருகைப்பதிவும் பயிற்சிப் பள்ளி விவரமும் கேட்டால், வகுப்புக்கே போகாமல் வாங்கிய வெளிமாநிலப் பட்டம் நிற்காது.

நான்காண்டு பட்டமோ முதுகலையோ முடித்தவர்களுக்கு ஓராண்டு பி.எட். என்று 2025 பிப்ரவரியில் ஒரு வரைவு வெளியானது. கல்லூரி கையில் அனுமதி இருந்தாலன்றி ஓராண்டு பி.எட். விளம்பரத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

சான்றிதழ்கள்: சின்னத் தவறு, பெரிய தலைவலி

பத்து, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பட்டம் அல்லது தற்காலிகச் சான்றிதழ், எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்கள், முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்று. வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தால் இடப்பெயர்வுச் சான்றிதழும் வேண்டும். இவை எல்லாருக்கும் தெரிந்தவை. சிக்கல் வருவது இரண்டு இடங்களில்.

முதலாவது, இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் “கவிதா எஸ்”, ஆதாரில் “கவிதா செல்வராஜ்”, பட்டத்தில் “எஸ். கவிதா”. மூன்றும் ஒரே ஆள் என்று கணினிக்குத் தெரியாது. எல்லா விண்ணப்பத்திலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள். ஆதாரை அதற்கேற்றபடி இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். டெட் விண்ணப்பத்தின் கடைசி நாளில் இ-சேவை மையத்தில் நின்று இதைச் சரிசெய்ய முடியாது.

இரண்டாவது, பட்டப் பாடத்தின் சமநிலை. பள்ளியில் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், கணிதம், வரலாறு, புவியியல், தமிழ், ஆங்கிலம் என்றுதான் பணியிடம் இருக்கும். நீங்கள் உயிர்வேதியியலோ நுண்ணுயிரியலோ, ‘பயன்பாட்டு’ என்று தொடங்கும் ஏதாவது ஒரு பாடமோ படித்திருந்தால், அந்தப் பட்டம் எந்தப் பள்ளிப் பாடத்துக்குச் சமம் என்று அரசாணை இருக்கிறதா எனப் பாருங்கள். பி.எட். சேர்க்கையில் கல்லூரி ஏற்றுக்கொண்டாலும் பணி நியமனத்தில் ஆசிரியர் தேர்வு வாரியம் தனியாகச் சரிபார்க்கும். அரசாணை எண்ணை இணையத்தில் தேடி, நகலெடுத்து, சான்றிதழ் பைலில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாம் ஆண்டு

பி.எட். 2015-16 முதல் இரண்டாண்டுப் படிப்பாக இருக்கிறது. பி.எட்., டி.எல்.எட். இரண்டுக்கும் மொத்தம் குறைந்தது 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும் என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதி. வகுப்புகளுக்கு 80 விழுக்காடு, பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடு வருகை கட்டாயம்.

குழந்தை உளவியல், கல்வித் தத்துவம், பாடம் கற்பிக்கும் முறைகள் ஆகியவற்றைப் புத்தகத்தில் படித்துவிடலாம். டெட்டுக்கும் அதே பகுதி உதவும். டி.எல்.எட். தேர்வுகளை அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிறது. கடைசி மாதம் நோட்ஸ் மனப்பாடம் செய்தால் போதும் என்று உட்கார்ந்தவர்கள் அரியர் வைத்திருக்கிறார்கள்.

முதலாம் ஆண்டில் மனதைக் கொடுக்க வேண்டியது நுண்ணிலைக் கற்பித்தலுக்கு. ஒரு பாடத்தை முழுதாக நடத்தாமல், ஒரே ஒரு திறனை மட்டும் எடுத்துப் பழகுவது இது. கேள்வி கேட்டல், எடுத்துக்காட்டுடன் விளக்கல், கரும்பலகைப் பயன்பாடு, பாடத் தொடக்கம், வலுவூட்டல் என்று தனித்தனியாக. இந்திய முறையில் ஒரு சுற்று 36 நிமிடம்: 6 நிமிடம் நடத்துதல், 6 நிமிடம் கருத்து கேட்டல், 12 நிமிடம் திருத்தித் திட்டமிடல், 6 நிமிடம் மறுபடி நடத்துதல், கடைசி 6 நிமிடம் மறுபடி கருத்து. உங்கள் சக மாணவர்களே குழந்தைகளாக உட்காருவார்கள்.

பத்துப் பேர் கொண்ட குழுவில் ஒரு திறனுக்கு மட்டும் ஆறு மணி நேரம் ஆகும். அதனால்தான் பல இடங்களில் முதல் 6 நிமிடத்தோடு நிறுத்திவிட்டு, “மறு கற்பித்தல்” பக்கத்தை ரெக்கார்டில் மட்டும் நிரப்புகிறார்கள். மாற்றம் உண்டாவது அந்த மறு கற்பித்தலில்தான். முதல் தடவை உங்கள் குரல் எங்கே இறங்கியது, கேள்விக்குப் பதிலை நீங்களே எப்போது சொல்லிவிட்டீர்கள் என்று நண்பர் சொன்னதை உடனே செய்து பார்க்கும்போதுதான் பழக்கம் மாறும். கல்லூரியில் நேரம் தராவிட்டால் விடுதி அறையிலோ வீட்டு மொட்டை மாடியிலோ நாலு பேர் சேர்ந்து செய்யுங்கள். போனில் ரெக்கார்டு செய்து பார்ப்பதும் நல்லது.

கேள்வி கேட்பதில் ஒரு சின்ன நுணுக்கம்: “முருகன், நீ சொல்லு, செடிக்கு எதெல்லாம் வேணும்?” என்று பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் யோசிப்பதை விட்டுவிடுவார்கள். கேள்வியை முதலில் கேளுங்கள். மூன்று எண்ணுங்கள். பிறகு பெயரைச் சொல்லுங்கள். அந்த மூன்று நொடிக்குள் வகுப்பே யோசித்திருக்கும். “புரிஞ்சுதா?” என்ற கேள்வியை அடியோடு விடுங்கள். “புரிஞ்சுது டீச்சர்” என்று ஒட்டுமொத்தக் குரல் வரும், அதிலிருந்து உங்களுக்கு எதுவும் தெரியாது.

முதல் நான்கு வாரப் பள்ளி உற்றுநோக்கலில் பெரும்பாலானோர் ஆசிரியரையே பார்த்துக் குறிப்பு எடுக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுங்கள். ஆசிரியர் பேசும்போது அந்தக் குழந்தை என்ன செய்கிறது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். பாடம் எங்கே கைநழுவுகிறது என்பது அந்தத் தாளில் தெரியும்.

பள்ளியில் பதினாறு வாரம்

20 வாரத்தில் உற்றுநோக்கலுக்கு நான்கு போனால் மிச்சம் 16. கணக்கை முதலில் போட்டுவிடுவோம். வாரம் ஐந்து நாள் என்றால் 16 வாரம் 80 நாள். 90 விழுக்காடு என்றால் 72 நாள் வர வேண்டும். உங்கள் கையில் இருப்பது எட்டே நாள். இந்தப் பயிற்சி ஐப்பசி, கார்த்திகையில் விழுந்தால், கடலூரில் மழை விடுமுறை எத்தனை நாள் போகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே சொந்த விடுப்பை முன்கூட்டியே செலவழிக்காதீர்கள். பள்ளி மூடிய நாள்களை எப்படி ஈடுகட்டுவது என்று கல்லூரியிலும் தலைமையாசிரியரிடமும் முதல் வாரமே கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் தலைமையாசிரியரைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு, கால அட்டவணை, எந்தப் பாடம் எதுவரை நடந்திருக்கிறது, எந்தக் குழந்தைக்கு உடல்நலத் தேவை இருக்கிறது என்ற மூன்றையும் கேளுங்கள். வழிகாட்டி ஆசிரியர் “ஐயா” என்றோ “டீச்சர்” என்றோ எப்படி அழைக்கப்படுகிறாரோ அப்படியே நீங்களும் அழையுங்கள். குழந்தைகள் முன்னால் அவர் நடத்தியதைத் திருத்தாதீர்கள்.

கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் பல வகுப்புக் குழந்தைகள் ஒரே அறையில் இருப்பார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர். ஐந்து வகுப்பை இருவர் பார்த்தாக வேண்டும். கல்லூரியில் எழுதிய நாற்பது நிமிடப் பாடக்குறிப்பு அங்கே முதல் பத்து நிமிடத்திலேயே உடைந்துவிடும். மூன்றாம் வகுப்புக்கு நடத்தும்போது ஒன்றாம் வகுப்பு என்ன செய்யும் என்பதையும் அதே பக்கத்தில் இன்னொரு பத்தியாக எழுதுங்கள். சொல்லித்தர வேண்டாத, தானாகச் செய்து முடிக்கக்கூடிய வேலையாக அது இருக்க வேண்டும்: எழுத்து அட்டைகளைச் சேர்த்துச் சொல் அமைத்தல், படத்துக்குப் பெயர் எழுதுதல், முன்பு படித்த பாடலை இருவர் இருவராகப் படித்தல். புதிய பாடத்தை அவர்களிடம் தனியாக விட்டால் பத்து நிமிடத்தில் வந்து உங்கள் சேலை முந்தானையை இழுப்பார்கள்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரிக்கப்படுவார்கள். ஒரே வகுப்பில் மூன்று நிலையும் இருக்கும். ஆசிரியர் கையேட்டை முந்தைய வாரமே வாங்கிப் படித்துவிட்டுப் போங்கள். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறியிருப்பதால் அங்கே பயிற்சிக்குப் போகிறவர்கள் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களையும் புரட்டிப் பாருங்கள்.

ஒரு கழித்தல் பாடம்

பயிற்சியில் எல்லாருக்கும் வரும் பாடம் இது: 32-லிருந்து 17-ஐக் கழி. பாதிக் குழந்தைகள் 25 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்று நினைத்து மறுபடி போடச் சொன்னால் மறுபடியும் 25 வரும். ஏனென்றால் அந்தக் குழந்தை ஒரு விதியைப் பின்பற்றுகிறது: பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணை எடு. ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து, மூன்றிலிருந்து ஒன்று போனால் இரண்டு. அதன் கணக்கில் தவறே இல்லை. “பக்கத்து வீட்டில் கடன் வாங்கு” என்று சொல்லித்தருவது இதைச் சரிசெய்யாது. கடனாக வருவது ஒன்றா பத்தா என்பதே குழந்தைக்குத் தெரியாது.

ஐஸ் குச்சி வாங்குங்கள். ஐந்து குழந்தைக்கு ஒரு குழு, குழுவுக்கு 50 குச்சி. 25 பேர் உள்ள வகுப்புக்கு 250 குச்சியும் முப்பது ரப்பர் பேண்டும் போதும். பத்துப் பத்தாகக் குழந்தைகளே எண்ணிக் கட்டட்டும். 32 என்றால் மூன்று கட்டும் இரண்டு தனிக் குச்சியும். இப்போது ஏழு குச்சி எடுக்கச் சொல்லுங்கள். இரண்டுதான் இருக்கிறது. என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். யாராவது ஒரு குழந்தை கட்டைப் பிரிக்கலாம் என்று சொல்லும். ரப்பர் பேண்டைக் கழற்றுவது அந்தக் குழந்தையின் கையாக இருக்க வேண்டும், உங்கள் கையாக அல்ல. பன்னிரண்டு குச்சியிலிருந்து ஏழு போனால் ஐந்து. மிச்சம் இரண்டு கட்டில் ஒன்றை எடுத்தால் ஒன்று. பதினைந்து.

அன்றைக்கே கரும்பலகையில் எண்ணாக எழுதி முடித்துவிடத் தோன்றும். வேண்டாம். முதல் நாள் குச்சி மட்டும். இரண்டாம் நாள் குச்சியைப் படமாக வரைந்து, ஒரு கட்டின் படத்தை அடித்துவிட்டுப் பத்துக் கோடாக மாற்றுதல். மூன்றாம் நாள்தான் எண். ஒரே பாடவேளையில் மூன்றையும் அடக்கினால் குழந்தைக்குக் குச்சி வேறு, கணக்கு வேறு என்றாகிவிடும்.

குச்சிக்குப் பதிலாக எதை வைக்கலாம் என்பதில் கவனம். பண்ருட்டிப் பக்கம் வீட்டில் கிடைக்கிறதே என்று பச்சை முந்திரிக்கொட்டையைக் கொண்டு வராதீர்கள். ஓட்டில் உள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கிவிடும். புளியங்கொட்டை, மணி போன்ற சின்னப் பொருள்கள் ஒன்றாம் வகுப்புக்கு ஆகாது. மூக்கிலும் காதிலும் போகும். பாட்டில் மூடி நல்லது.

தமிழ் எழுத்தில் கொம்பு

ட, ப, ம மூன்றும் எளிய கோடுகளால் ஆன எழுத்துகள். கை எளிதில் பழகும். அவற்றோடு புள்ளியும் வந்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று முதல் வாரமே குழந்தை சொற்களைப் படித்துவிடும். தான் படித்துவிட்டோம் என்ற அந்த மகிழ்ச்சியை அ, ஆ, இ, ஈ முழுக்க முடியும்வரை தள்ளிப்போடுவது வீண்.

அடுத்து வரும் பெரிய தடை கொம்பு. ‘மெ’ என்று சொல்லும்போது ம் முதலில் கேட்கிறது, எ பிறகு கேட்கிறது. எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது. அதனால் குழந்தை ம எழுதிவிட்டு இடப்பக்கம் இடம் தேடும். ‘மொ’ இன்னும் சிரமம், இரண்டு பக்கமும் குறி. ‘கௌ’வை ‘கெள’ என்று படிப்பதும் இதன் தொடர்ச்சிதான். ஒற்றைக் கொம்பு, ம, துணைக்கால் என்று மூன்று அட்டை செய்து தரையில் வையுங்கள். குழந்தை சொல்லிக்கொண்டே அட்டையை நகர்த்தட்டும். நோட்டில் பத்துத் தடவை எழுதுவதைவிட இது வேகமாக வேலை செய்யும். வீட்டில் பேசும் சொல்லைத் தவறு என்று வெட்டாதீர்கள். தேவனாம்பட்டினத்துக் குழந்தைக்கு வஞ்சிரமும் சங்கராவும் கவளையும் தெரியும். படத்தில் உள்ள ‘மீன்’ என்ற ஒரே சொல்லுக்கு அது நாலு பெயர் சொன்னால், நாலையும் பலகையில் எழுதுங்கள்.

பலகை பற்றி ஒரு வார்த்தை. எழுத்து ஐந்து சென்டிமீட்டர் உயரமாவது இருக்கட்டும். எழுதி முடித்ததும் கடைசி வரிசையில், குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் எந்த மூலையில் பளபளக்கிறது என்று அங்கிருந்துதான் தெரியும்.

ரெக்கார்டும் சட்டமும்

பாடக்குறிப்பு, உற்றுநோக்கல், தனியாள் ஆய்வு, தேர்வுப் பகுப்பாய்வு ஆகியவற்றை அன்றன்றே எழுதிவிடுங்கள். சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதினால் தேர்வாளர் உங்கள் பள்ளியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டவுடன் தெரிந்துவிடும். ஒவ்வொரு பாடக்குறிப்பின் கடைசியிலும் ‘எது நடக்கவில்லை, ஏன்’ என்று இரண்டு வரி எழுதும் பழக்கம் வையுங்கள். சார்ட்டில் ஜிகினா ஒட்டுவதற்கு ஆகும் இரவை அதற்குச் செலவிடலாம். தொட்டுப் பார்க்க முடியாத அலங்காரச் சார்ட்டைக் குழந்தைகள் இரண்டாம் நாள் திரும்பியும் பார்க்க மாட்டார்கள்.

அடிக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பயிற்சி மாணவருக்கும் இது பொருந்தும். காதைத் திருகுவது, முட்டி போட வைப்பது, மற்ற குழந்தைகள் முன் கேலி செய்வது எல்லாம் இதில் அடக்கம். ஒரு குழந்தைக்குப் பாலியல் துன்பம் நேர்ந்திருப்பது தெரியவந்தால் போக்சோ சட்டப்படி நீங்கள் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். “டீச்சர், யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்று குழந்தை கேட்டாலும் அந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். தலைமையாசிரியரிடமும் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. குழந்தைகளின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.

டெட், அதற்கு அப்பால்

படிப்பு முடித்தால் வேலை என்று இல்லை. நடுவில் ஆசிரியர் தகுதித் தேர்வு இருக்கிறது. முதல் தாள் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புக்கு, இரண்டாம் தாள் ஆறு முதல் எட்டுக்கு. இரண்டிலும் 150 கேள்வி, 150 மதிப்பெண். முதல் தாளில் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், முதல் மொழி, இரண்டாம் மொழி, கணிதம், சூழ்நிலையியல் என்று ஐந்து பகுதி, ஒவ்வொன்றுக்கும் 30. இரண்டாம் தாளில் கணிதமும் அறிவியலும் அல்லது சமூக அறிவியல் 60. பொதுப் பிரிவுக்கு 90 எடுக்க வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கான குறைந்த மதிப்பெண் எவ்வளவு என்பதை அந்தத் தேர்வின் அறிவிக்கையில் பாருங்கள். 2021 முதல் சான்றிதழ் வாழ்நாள் முழுக்கச் செல்லும்.

சி.பி.எஸ்.இ. நடத்தும் சி.டெட், அதாவது மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வை இறுதியாண்டிலேயே எழுதலாம். தமிழை மொழிப் பாடமாக எடுக்கலாம். கேந்திரிய வித்யாலயாவுக்கும் புதுச்சேரிக்கும் முயல்கிறவர்கள் இதை எழுதுவது நல்லது. தமிழ்நாட்டு டெட்டுக்கு ஒன்று முதல் பத்து வரை சமச்சீர் புத்தகங்களை வரிக்கு வரி படியுங்கள். கைடு வாங்கும் பணத்தில் பழைய பருவப் புத்தகங்களைச் சேர்க்கலாம்.

டெட் தேர்ச்சி பெற்றாலும் தமிழ்நாட்டில் அரசுப் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தனியாகப் போட்டித் தேர்வு வைக்கிறது. 2018 அரசாணை 149 இதைக் கொண்டுவந்தது. அந்தப் போட்டித் தேர்வில் கட்டாயத் தமிழ் மொழித் தகுதித் தாள் 30 கேள்வி, 50 மதிப்பெண். 20 எடுக்காவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். கணிதம், அறிவியல் படித்தவர்கள் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். புணர்ச்சி, ஒருமை பன்மை, பிழைதிருத்தம் ஆகியவற்றைத் தினமும் அரை மணி நேரம் பாருங்கள்.

தனியார் பள்ளியில் சேர்ந்துகொள்ளலாம், டெட் எதற்கு என்று தள்ளிப்போட வேண்டாம். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், பணியிலிருப்பவர்களில் ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்களும் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேர்ச்சி பெற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் இப்போது புத்தகத்தைத் திறக்கிறார்கள். உங்களுக்குப் பாடம் இன்னும் நினைவில் இருக்கிறது. பயிற்சியில் உள்ள இரண்டாம் ஆண்டிலேயே முதல் முயற்சியை எழுதிவிடுங்கள். காத்திருக்கும் மாதங்களில் தனியார் பள்ளியில் வேலை பார்த்தால், சேரும் நாளிலேயே நியமன ஆணையை வாங்கிக்கொண்டு, சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். அனுபவச் சான்று கேட்கும் இடத்தில் இந்த இரண்டையும்தான் பார்ப்பார்கள்.